எட்டு மில்லிமீட்டர்

கோரிக் வண்டாலேயை அந்த அணி எடுத்துக்கொண்டது அவனுடைய உயரத்துக்காக. மேனேஜர் லூடோ அதை மறைக்கவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்த அன்றே, காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"செப்பேயும் நீயும் ஒரே உயரம். ஒரே சைஸ் பிரேம். வழியில அவன் சைக்கிளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னோடத குடுத்துடணும். அதுவரைக்கும் அது மேல உட்கார்ந்து சூடா வச்சிரு. உன் வேலை அவ்வளவுதான்."

கோரிக் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? அப்போது அவனுக்கு முப்பது வயது. ஒன்பது வருடமாகப் பணத்துக்கு சைக்கிள் ஓட்டியவன், ஒரு பந்தயத்தைக்கூட ஜெயித்ததில்லை. டெய்ன்ஸே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத் திருவிழாப் பந்தயத்தில் ஒருமுறை இரண்டாவதாக வந்ததுதான் அவனுடைய பெரிய கதை. அதையும் அவன் மனைவி லீஸ்பெத் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

செப்பே லாம்மர்ட்டெய்ன் அணியின் கேப்டன். கோரிக்கைவிட ஏழு வயது சின்னவன். மற்ற ஆறு பேரும் அவனுக்காக ஓட்டுகிறவர்கள். காற்றை மறைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போக வேண்டும். பின்னால் வரும் டீம் காருக்குப் போய், ஜெர்சிக்குள் எட்டு பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி திரும்பி வர வேண்டும். கடைசி ஐம்பது கிலோமீட்டரில் மூச்சு தீர்ந்து பின்தங்கினால், அது வேலையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளம். யார் ஜெயித்தார்கள் என்பதை கோரிக் பெரும்பாலும் காதில் மாட்டிய ரேடியோவில்தான் தெரிந்துகொள்வான்.

செப்பேக்கும் அவனுக்கும் உயரம் ஒன்றுதான். கால்தான் ஒன்றில்லை.

செப்பேயின் சீட் உயரம் எழுபத்தெட்டு புள்ளி நான்கு சென்டிமீட்டர். கொடுத்த நொடியே அவன் ஏறி ஓட்ட வேண்டும் என்பதால் கோரிக்கின் சீட்டும் அதே உயரத்தில்தான் இருக்க வேண்டும்; ஆனால் கோரிக்கின் உடம்பு கேட்டது எழுபத்தேழு புள்ளி ஆறு. நடுவில் எட்டு மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. ஆனால் ஆறு மணி நேரப் பந்தயத்தில் ஒரு கால் முப்பதாயிரம் தடவை கீழே போய் வருகிறது. முப்பதாயிரம் தடவையும் அந்த நகத்தளவு கூடுதலாக நீண்டு போய் வந்தால்?

முதல் வருடம் தாங்கினான். இரண்டாவது குளிர்காலத்தில் இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு முறுக்கிக்கொள்ளத் தொடங்கியது. காலையில் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினான். லீஸ்பெத் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முழங்காலில் வைத்துக் கட்டிவிட்டாள்.

"லூடோகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா என்ன சொல்வார் தெரியுமா? 'அப்படியாப்பா, பாவம். ஜூனியர் டீம்ல இதே உயரத்துல ரெண்டு பசங்க இருக்காங்க, அவங்களுக்கு வலிக்கலையே'ம்பார்."

"அப்போ என்ன பண்ணப் போற? நொண்டிக்கிட்டே ஓட்டுவியா?"

 அந்த வருடம் டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்பதை, மார்ச் கடைசியில் நடக்கும் லெயே பந்தயம் முடிந்ததும் பேசலாம் என்று லூடோ சொல்லியிருந்தார். முப்பத்திரண்டு வயதில், ஜெயித்ததே இல்லாத ஒருவனை வேறு எந்த அணி கூப்பிடும்? பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

பிப்ரவரியில் அவன் அந்தக் காரியத்தைத் தொடங்கினான்.

அணியின் மெக்கானிக் ஹில்டே ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தின மாலை எல்லா சைக்கிள்களையும் அளப்பாள். சீட்டைத் தாங்கும் கம்பி பிரேமுக்குள் நுழையும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் மெல்லிய கோடு போட்டிருப்பாள். கோடு தெரிந்தால் உயரம் சரி. காலையில் மறுபடி அளக்க மாட்டாள். அதற்கு நேரமும் இருக்காது.

கோரிக் காலையில் மேடைக்குப் போய் வருகைக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சிறுநீர் கழிக்கப் போகிறவன் போல சைக்கிளோடு ஊர்ச் சர்ச்சின் பின்சுவருக்குப் போவான். ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் எந்த ஊரில் பந்தயம் தொடங்கினாலும் சதுக்கத்தில் ஒரு சர்ச் இருக்கும், அதற்கொரு பின்சுவர் இருக்கும். காலுறைக்குள்ளிருந்து ஆலன் கீ என்ற ஆறுபக்கச் சாவியை எடுத்து, திருகைத் தளர்த்தி, வெள்ளைக் கோடு உள்ளே மறையும்வரை சீட்டை அழுத்துவான். மறுபடி இறுக்குவான். அரை நிமிடம். பந்தயம் முடிந்து பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் ஏதாவது ஒரு சந்தில் நின்று கோட்டை வெளியே இழுத்துவிடுவான்.

மூன்று வாரத்தில் முழங்கால் அடங்கியது. அவன் நன்றாக ஓட்டினான். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அதன்பிறகு ஒவ்வொரு பந்தயமும் அவனுக்கு இரண்டு பந்தயம். ஒன்று எல்லோரும் பார்ப்பது. இன்னொன்று செப்பேயின் சக்கரத்துக்கும் சாலையில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கும் இடையில் நடப்பது. முன்னால் குழி தெரிந்தால் மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்தினான். "என்னா பெருசு, எங்கம்மா மாதிரி கத்துற?" என்று செப்பே கிண்டல் செய்தான். அவன் கோரிக்கைப் பெருசு என்றுதான் கூப்பிடுவான்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் அது நடந்தேவிட்டது. செப்பேயின் முன்சக்கரம் பஞ்சர். கோரிக் இறங்கி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். செப்பே காலைத் தூக்கி ஏறப் போன நேரத்தில் டீம் கார் வந்து நின்றது. ஹில்டே புதுச் சக்கரத்தோடு குதித்தாள். செப்பே தன் சைக்கிளிலேயே போய்விட்டான்.

"ஏன் உன் சைக்கிளை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க?" என்று ஹில்டே கேட்டாள்.

"குளிர்."

"பதினஞ்சு டிகிரி இருக்கு."

அவன் ஏறி மிதித்தான்.

லெயே பந்தயத்தன்று மேற்கிலிருந்து காற்று அடித்தது, கூடவே மழை. சர்ச்சின் பின்சுவரில் நிற்கும்போது கோரிக் ஒரு நிமிடம் யோசித்தான். இன்று மட்டும் கோட்டிலேயே விட்டுவிடலாமா? இருநூற்றைந்து கிலோமீட்டர், பதினான்கு ஏற்றம். கோட்டில் விட்டால் நூற்று முப்பதாவது கிலோமீட்டரில் கால் மடங்காது. பின்தங்குவான், லூடோ பார்ப்பார், பேச்சு முடிந்துவிடும். கீழே இறக்கினால் கடைசிவரை இருக்கலாம். கடைசிவரை இருந்தால், கடைசிவரை செப்பேக்குப் பக்கத்தில் இருப்பான். சைக்கிளோடு.

இறக்கினான். ஆலன் கீயைக் காலுறைக்குள் செருகினான்.

நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டியது. கோரிக் சாலையின் இடது ஓரத்தில், செப்பே அவன் தோளுக்குப் பின்னால் வலது பக்கம், கையளவு தூரத்தில். வயல்களிலிருந்து சாணமும் சேறும் முகத்தில் தெறித்தன. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிறகு கோரிக் திரும்பிப் பார்த்தான். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், அவன் குறையவில்லை. ஹாஸன்பெர்க் ஏற்றத்தின் உச்சியில் முன்கூட்டத்தில் பதினோரு பேர் மிஞ்சினார்கள். அதில் இரண்டு பேர் மிஞ்சியது அவர்கள் அணியில் மட்டும்தான்.

ரேடியோவில் லூடோவின் குரல் கேட்டது. "கோரிக்? நீயா அது? இன்னும் முன்னாடியா இருக்க?"

"ஆமா."

"யார்றா உனக்கு சோறு போட்டது? சரி, அப்படியே இரு. செப்பேயை விட்டு ஒரு அடி நகராத."

செப்பே அவன் பக்கம் சாய்ந்து, "பெருசு, இன்னிக்கு ஜெயிச்சா உனக்கு ஒரு பன்னிக்கால் முழுசா வாங்கித் தரேன்," என்றான். பல்லெல்லாம் சேறு.

 பதினோரு வருடத்தில் இந்த இடத்தில் அவன் இருந்ததில்லை. இப்படி இருக்கக்கூடிய ஆளா நான்? இத்தனை நாளும் இருந்திருக்கக்கூடிய ஆளா? இல்லை, இது எட்டு மில்லிமீட்டர் செய்கிற வேலையா? இருபத்து மூன்று கிலோமீட்டர் பாக்கி. கல் பாவிய குறுகலான சாலைக்குள் நுழைந்தார்கள், இரண்டு பக்கமும் முட்டைக்கோசு வயல்.

"பஞ்சர்!"

செப்பேயின் குரல். பின்சக்கரம் கற்களின் மேல் தடதடவென்று அடித்தது. கோரிக்கின் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது.

"லூடோ, கார் எங்க?" செப்பே ரேடியோவில் கத்தினான்.

"ரெண்டாவது கூட்டத்துக்குப் பின்னாடி. நடுவர் காரை முன்னாடி விடமாட்டேங்கிறார். நாப்பது செகண்டாவது ஆகும். கோரிக்கோடத எடு! கோரிக், குடுத்துடு!"

கோரிக் இறங்கியிருந்தான். செப்பே தன் சைக்கிளைப் புல்லில் எறிந்துவிட்டு வந்தான். முன்கூட்டம் சாலையின் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் டிவி மோட்டார் சைக்கிள் வந்து நின்று, கேமராவை இருவர் மேலும் திருப்பியது.

இப்போது கொடுத்துவிட்டால் ஆறு செகண்ட். செப்பே உட்கார்ந்து மிதித்ததும் தெரிந்துகொள்வான். தொடை எரியும், இருபத்து மூன்று கிலோமீட்டரும் மடங்கிய காலோடு ஓட்டுவான். கல் சாலையில் அதிர்ந்து சீட் தானாக இறங்கிவிட்டது என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நடக்கிற விஷயம்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கோரிக் குனிந்து காலுறைக்குள் கையை விட்டான்.

"என்னடா பண்ற? குடு!"

"சீட் கீழ இருக்கு. இரு."

"என்னது?"

"ரெண்டு செகண்ட்!"

ஆலன் கீ மழையில் வழுக்கியது. முதல் தடவை திருகில் நிற்கவில்லை. இரண்டாவது தடவை நின்றது. தளர்த்தினான். சீட்டைப் பிடித்து இழுத்தான், வெள்ளைக் கோடு வெளியே வந்தது. இறுக்கினான். செப்பே அவன் தலைக்கு மேல் கெட்ட வார்த்தைகளை வரிசையாகப் பொழிந்துகொண்டிருந்தான். கேமரா ஒரு அடி தூரத்தில் கோரிக்கின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போ!"

செப்பேயின் முதுகில் கைவைத்து, மூச்சு முட்ட ஓடித் தள்ளிவிட்டான்.

பிறகு மழைச் சத்தம் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் பீர்க் குவளையோடு நின்ற ஒரு ஆள், "என்ன அண்ணே, சைக்கிள் கடை வச்சிருக்கீங்களா? என்னோடதுலயும் செயின் தளர்ந்து கிடக்கு," என்றான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். கோரிக் செப்பேயின் சைக்கிளைப் புல்லிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றான்.

டீம் கார் வந்தது. ஹில்டே பின்கதவைத் திறந்து சக்கரத்தோடு குதித்தாள். லூடோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

சக்கரத்தை மாட்டிக்கொண்டே ஹில்டே மெதுவாகக் கேட்டாள். "எட்டு மில்லியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கோட்டுக்கு மேல எட்டு மில்லிக்குக் கீறல். வாரா வாரம் புதுசா. கம்பியைத் துடைக்கிறது நான்தானே."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்." அச்சை இறுக்கினாள். "ஏறு."

மீதி இருபத்து மூன்று கிலோமீட்டரையும் அவன் செப்பேயின் உயரத்தில் ஓட்டினான். பத்தாவது கிலோமீட்டரிலேயே முழங்காலின் பின்பக்கம் பழையபடி முறுக்கியது. ரேடியோவில் துண்டு துண்டாகக் கேட்டது. செப்பே துரத்துகிறான். செப்பேக்கும் முன்கூட்டத்துக்கும் இருபது செகண்ட். பதினைந்து. ஏழு கிலோமீட்டர் பாக்கியிருக்கும்போது பிடித்துவிட்டான். பிறகு ரேடியோவில் வெறும் இரைச்சல். கோரிக் மூச்சைக்கூட அளந்து விட்டான். கடைசியில் லூடோவின் குரல், உயிரே இல்லாமல்: "மூணாவது."

பஸ்ஸுக்குள் ஈர உடைகளின் வாடையும் சோற்று வாடையும். லூடோ முன்னால் சின்ன மேஜையில் உட்கார்ந்து, போனில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு செகண்ட். வழக்கமா ஆறு. ஒன்பது செகண்டைத் துரத்தித் துரத்தியே அவன் கால் செத்துப்போச்சு. கடைசி இருநூறு மீட்டர்ல அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"பிப்ரவரி."

"காலுறைக்குள்ள ஆலன் கீ! நாடே பார்த்துச்சு. ஸ்பான்சர் போன் பண்ணி, 'உங்க மெக்கானிக் இப்போ சைக்கிள் ஓட்டவும் ஆரம்பிச்சுட்டாரா'ங்கிறான்."

செப்பே குளித்துவிட்டு, கழுத்தில் துண்டோடு சோற்றுக் கிண்ணத்தை ஏந்தி வந்தான்.  அவன் கோரிக்கின் எதிரில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. மார்ச் மொத வாரம் எனக்குப் பஞ்சர் ஆச்சே. நான் உன்னோடதுல ஏறப் போனேனே. அன்னிக்கும் கீழதான் இருந்துச்சா?"

"ஆமா."

"அன்னிக்கு ஆலன் கீயை எடுத்தியா?"

கோரிக் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல."

செப்பே கிண்ணத்தை மேஜையில் வைத்தான். சாப்பிடவில்லை. "மூணாவது வந்ததுகூட எனக்கு வலிக்கல, பெருசு," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான்.

கோரிக்கிடம் ஒரு வாதம் இருந்தது. இறக்காமல் இருந்திருந்தால் நான் அந்த இடத்தில் இருந்திருக்கவே மாட்டேன், உனக்குக் கொடுக்க அங்கே சைக்கிளே இருந்திருக்காது. கணக்குச் சரிதான். ஆனால் மார்ச் முதல் வாரத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அன்று டீம் கார் வராமல் இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? சாலையில் தொடங்கி பஸ் வரைக்கும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் தெரிந்தே இருந்தது.

லூடோ போனைக் கவிழ்த்து வைத்தார். "கேளு. அடுத்த வருஷம் உனக்கு உண்டு. கேமரா முன்னாடி அதைச் செஞ்ச பாரு, அதுக்காக. ஆனா சீட் எழுபத்தெட்டு நாலு. பந்தயம் தொடங்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஹில்டே அளப்பா. தினமும்."

கிடைத்துவிட்டது. ஐந்து மாதமாக அவன் வேண்டிக்கொண்டிருந்த வார்த்தை. கோரிக் தன் இடது முழங்காலைத் தடவினான். வீங்கத் தொடங்கியிருந்தது.

"என் உயரத்துல ஓட்டினா? லூடோ, இன்னிக்கு நான் கடைசி பதினோரு பேர்ல இருந்தேன். என்னால காத்துல நிக்க முடியும். கடைசிவரைக்கும் நிக்க முடியும்."

"காத்துல நிக்க ஆயிரம் பேர் இருக்காங்கப்பா. அவன் சைக்கிள் உடைஞ்சா அடுத்த நொடி அவனுக்குக் கீழ இருக்கிற சைக்கிள், அதுக்குத்தான் நீ. அது இல்லைன்னா நீ எனக்கு எதுக்கு?"

லூடோ அதைக் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.  கோரிக்கைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியல," என்றான். "ஆனா அந்த உயரத்துல என்னால முடியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்போ சொல்றேன்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமா."

லூடோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டிசம்பர் வரைக்கும் சம்பளம் வரும். ஞாயித்துக்கிழமை ஓட்ட ஆள் இல்ல, அதனால வா."

வெளியே ஹில்டே குழாயால் சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முட்டைக்கோசு வயலின் சேறு தரையில் ஓடியது. கோரிக் ஆலன் கீயை அவள் கருவிப்பெட்டியில் போட்டான்.

"எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டாள். உள்ளே நடந்தது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"எழுபத்தேழு ஆறு."

அவள் துணியில் ஏதோ திரவத்தை நனைத்துப் பழைய வெள்ளைக் கோட்டை அழித்தாள். கீறல்கள் போகவில்லை. அவற்றின் மேல் விளிம்பில் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

 வீட்டில் லீஸ்பெத் டிவியில் பார்த்திருந்தாள். பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஹில்டே எல்லோர் முன்னாலும் இரும்பு டேப்பை வைத்து அளந்து, "எழுபத்தேழு ஆறு," என்று சத்தமாகச் சொன்னாள். லூடோ தாளில் குறித்துக்கொண்டார். அதே தாளில், செப்பேக்கு சைக்கிள் கொடுப்பவன் என்ற இடத்தில் ஜூனியர் அணியிலிருந்து வந்த ஒருவனின் பெயர் இருந்தது.

கூட்டம் மெல்ல நகர்ந்து தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது செப்பே பக்கத்தில் வந்து நின்றான். நான்கு நாளாகப் பேசவில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னான்:

"காத்து இன்னிக்கு வடக்கேருந்து."

"பார்த்தேன். வலது பக்கம் ஒட்டி வா, பாலம் தாண்டினதும் நான் முன்னாடி வரேன்."

"சர்ச்சுக்குப் பின்னாடி போயிட்டு வந்தியே, இப்போதான் பார்த்தேன்."

"ஆமா."

"என்ன பண்ணின?"

"மூத்திரம்தான்டா போனேன்," என்றான் கோரிக்.

செப்பேயின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நடுவர் கொடியை இறக்கினார். கோரிக் மிதித்தான். கால் கீழே போய், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.